பதினான்கு நத்தை ஓடுகள்

2025 ஒக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே பத்துப் பாகை வெப்பம், காற்றில்லாத தூறல். பன்னிரண்டாம் மாடி யன்னலால் பார்த்தபோது கென்னடி வீதி பஸ் தரிப்பில் ஏழு குடைகள் நின்றன. அந்த நேரத்தில்தான் நான் அடுப்பைப் போட்டேன். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவில் மணிக்கூடு இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் எதையும் கொதிக்க வைப்பதில்லை.

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். இங்கே கனடாவுக்கு வந்தபின் ஒரு கார் தரிப்பிடத்தில் பதின்மூன்று வருடம் காவல். இரண்டு இடத்திலும் என் வேலை ஒன்றுதான்: இருப்பதை எண்ணி, எண்ணியதை எழுதுவது. வேலை போனபின்னும் பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டடத்தில் மூன்று எலிவேற்றர்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று எந்த நாளும் பழுது. வாசலிலிருந்து மருந்துக்கடைக்கு அறுநூற்றுப் பதினாறு அடி எடுத்துவைக்கவேண்டும். மனைவி இருந்த காலத்தில், நான் மூச்சையும் எண்ணி விடுகிற ஆள் என்று எல்லோரிடமும் சொல்வார். எண்ணினால் பிழை வராது என்று நம்பியிருந்தேன்.

மீன்தொட்டி என் வீட்டுக்கு வந்தது அதற்கு மூன்று நாள் முந்தி, சனிக்கிழமை. மகளும் மருமகனும் மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. சுவரை உடைத்துத் திருத்த மூன்று கிழமை செல்லுமாம். தொட்டி அந்த பேஸ்மென்றில்தான் இருந்தது. தூசும் பெயின்ற் மணமும் மீன்களுக்கு ஆகாது. மூன்று கிழமைக்கு உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று மருமகன் என்னிடம் கேட்டார்.

கேட்டார் என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கலியாணம் முடிந்து பன்னிரண்டு வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு கத்தரிக்கோல்கூடக் கேட்டதில்லை. அதற்குக் காரணம் நான். சம்பந்தப் பேச்சு நடந்த அன்று, மாப்பிள்ளை எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ரக் என்கிற பெரிய லொறி ஓடுகிறவர் என்று அறிந்ததும், அவருக்கு முன்னாலேயே ஒரு தாளில் அவருடைய மாதச் சம்பளத்தை எழுதி, வாடகையையும் காருக்குக் கட்டுவதையும் சாப்பாட்டுச் செலவையும் ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டினேன். மிச்சமாக வந்த தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். கலியாணத்துக்குப் பிறகு அது "சரி மாமா" ஆனது. என்னோடு அவர் பேசியதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு சொற்கள்தான்.

அப்படிப்பட்டவர் கேட்ட முதல் உதவி. நான் உடனே ஓம் என்றேன்.

தொட்டி பெரிதல்ல, ஆனால் மணலும் தண்ணீருமாகப் பாரம். என் ஒற்றை அறை வீட்டில் அதைத் தாங்கக்கூடிய மேசை ஒன்றுதான் உண்டு. அது ஹோலில் சாமிப்படத் தட்டுக்கு நேர் கீழே நின்றது. மருமகன் வாளிகளில் மீனையும் தண்ணீரையும் கொண்டுவந்து, முழங்காலில் இருந்து இரண்டு மணித்தியாலம் வேலை செய்தார். பின்பக்கம் கறுப்புத் தட்டைக் கற்கள், முன்பக்கம் மணல், மணலில் முட்டைக்கோது நிறத்தில் உருண்டை ஓடுகள். மீன்கள் என் சின்னிவிரலில் பாதிதான் இருக்கும். உடம்பில் மெல்லிய கோடுகள்.

"ஆபிரிக்காவில ஒரேயொரு ஏரியில மட்டும் இருக்கிற மீன், மாமா. அடியிலதான் நிக்கும். மேல வராது."

"எத்தினை?"

"பெரிசு பதினொண்டு."

பெரிசு என்ற சொல் என் காதில் விழவில்லை. எண் மட்டும் விழுந்தது.

"உது என்ன, சங்கோ?"

"சங்கில்லை. நத்தை ஓடு. பிரெஞ்சுக்காரர் வெண்ணெய் போட்டுத் தின்னுற நத்தை. அவங்கள் திண்டு முடிச்ச ஓட்டைத்தான் பெட்டியில போட்டு விக்கிறாங்கள்."

இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது எனக்கு நினைவு தெரிய அதுதான் முதல் தடவை. அவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதித் தந்தார். தீன் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. லைட் எட்டு மணித்தியாலம். கண்ணாடியைத் தட்டக்கூடாது. தண்ணீர் மாற்ற அவரே வருவார். ஓடு எதற்கு என்று அவர் எழுதவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்திருப்பார். நானும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்புப் படித்தவரிடம் இரண்டாவது கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் எண்ணினேன். ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு, மத்தியானம் ஐந்து, திங்கள் காலை நான்கு. நான் கிட்டப் போனதும் ஒரு கோடு மினுக்கும், பிறகு வெறும் மணல். என் இடது கண்ணில் புரை, இன்னும் வெட்டவில்லை. கற்களுக்குப் பின்னால் ஒளிக்கின்றன என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பிலும் நம்பிக்கை போய், செத்துக் கரைந்துவிட்டனவோ, வெளியே பாய்ந்துவிட்டனவோ என்று சோபாவுக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொத்தானும் ஏழு தலையணைப் பஞ்சுத் துண்டும் கிடந்தன.

ஞாயிறு இரவு மருமகன் தொலைபேசியில், எத்தனை கண்டீர்கள் என்று கேட்டார்.

பதினொன்று என்றேன்.

கச்சேரியில் இருபத்திரண்டு வருடம், கார் தரிப்பிடத்தில் பதின்மூன்று வருடம், எண்ணாத எண்ணை நான் எழுதியதில்லை. அன்று சொன்னேன். முதல் முதலாக ஒன்றைக் கேட்டுத் தந்தவரிடம், தந்ததில் பாதியைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐந்துதான் கண்டேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், மற்றதெல்லாம் ஓட்டுக்குள்ளே நிற்கும் என்று அவர் ஒரு வசனத்தில் சொல்லியிருப்பார். இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

புதன்கிழமை கந்தசஷ்டி விரதம் தொடக்கம். கனடாவுக்கு வந்தபின் ஒரு வருடமும் விடாமல் அந்த ஆறு நாளும் பிடித்து வந்திருக்கிறேன். அதற்கு முதல்நாள் வீட்டில் மீன், முட்டை, இறைச்சி என்று மச்சம் பட்ட எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது எங்கள் வழக்கம். செவ்வாய் காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். மீன் சமைக்கும் சட்டிகள் இரண்டு, மீன் வெட்டும் பலகை, கருவாட்டுப் போத்தல், முட்டைக் கரண்டி எல்லாம் பெட்டியில் கட்டிப் பல்கனிக்குப் போயின. குசினியை இரண்டு தரம் கழுவினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். முருகன் படத்தைத் துடைத்துப் புதுப் பட்டுத்துண்டு போடத் தட்டுக்கு முன்னால் நின்றபோது கண் கீழே போயிற்று.

நத்தை ஓடுகள். பிரெஞ்சுக்காரர் தின்று முடித்த எச்சில் ஓடுகள், சாமிக்கு நேர் கீழே.

மீன்களைப் பற்றி எனக்குத் தடையில்லை. உயிரோடு நீந்துகிற மீன் மச்சமல்ல, அது ஒரு சீவன். சட்டிக்குள் வந்தால்தான் மச்சம். ஆனால் ஓடு வேறு. அது யாரோ தின்ற இறைச்சியின் மிச்சம். மேசையை நகர்த்த என்னால் முடியாது. மருமகனைக் கூப்பிட்டு உங்கள் தொட்டி சாமிக்கு ஆகாது என்று சொல்லவும் முடியாது. ஓடுகளை எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, சுத்தமாக்கித் திரும்ப வைத்துவிட்டால் ஒருவருக்கும் குறையில்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அது எனக்கு மிகவும் கெட்டித்தனமான முடிவாகப் பட்டது.

கை முழங்கை வரை போனதும் தொட்டிக்குள் இருந்த ஐந்தாறு கோடுகளும் மறைந்தன. நீளக் கரண்டியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு துளி தண்ணீர் நிலத்தில் சிந்தக்கூடாது என்று வாயை மேலே பிடித்தபடி எடுத்தேன். பதினான்கு. பழைய அலுமினியச் சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டு, ஓடுகளைப் போட்டு, தேக்கரண்டி மஞ்சள் ஒன்று, உப்பு இரண்டு. மூடினேன். ஒன்பது நாற்பது. கொதி வந்தபின் பத்து நிமிடம் விட்டேன். அந்த நேரத்துக்குள் பட்டுத்துண்டைக் கட்டி, விளக்குக்குத் திரி போட்டேன்.

முதலில் வந்தது மணம். எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். உப்பும் மஞ்சளும் போட்டு மீன் அவிகிற மணம். எந்தச் சனிக்கிழமையும் என் குசினியில் வருகிற மணம். பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்து, விரதத்துக்கு முதல்நாள் இப்படியா என்று மனதுக்குள் ஏசினேன். கதவிடுக்கில் துவாய் ஒன்றை மடித்து வைத்தேன்.

சட்டியை வடிதட்டில் ஊற்றினேன். ஒரு ஓட்டை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். உள்ளிருந்து ஒரு வெள்ளைத் துண்டு வழுக்கி உள்ளங்கையில் விழுந்தது. பிரெஞ்சுக்காரன் சரியாகத் தின்னவில்லை என்றுதான் நினைத்தேன்.

அதற்குக் கண் இருந்தது.

எவ்வளவு நேரம் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாத நேரம் அது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது ஓட்டை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எத்தனை என்று தெரியாமல் இருப்பது என்னால் ஆகாத காரியம். ஒவ்வொரு ஓடாகக் கவிழ்த்து, வந்ததை ஒரு சின்னக் கோப்பைத்தட்டில் வைத்தேன். சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் ஒன்று. ஆறாவது ஓட்டில் பெரியது ஒன்றும், அதோடு சீரகம் அளவில் ஏதோவும் வந்தன. மஞ்சள் பிடித்த சீரகம். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். அவற்றுக்கும் கண் இருந்தது.

பெரியது எட்டு. சின்னது பதினைந்து.

பதினொன்று என்றுதானே சொன்னார். இந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது? நான் கொன்றது எனக்குத் தந்த கணக்கைவிடக் கூட. கதிரையில் இருந்தேன். எழும்பினேன். திரும்ப இருந்தேன். விரதத்துக்குக் கழுவிய வீட்டில், முருகனுக்குப் பட்டுக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இருபத்துமூன்று உயிரை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்திருக்கிறேன். பக்கத்து வீட்டாரை ஏசியது நினைவு வந்தது.

மகள் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. அவளைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்கு இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம், கடையில் அதே மாதிரி மீன் வாங்கி விடுவோம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவருக்குத் தெரியவராதா என்று கேட்டேன்.

"தெரியும்தான் அப்பா. அந்தாள் ஒவ்வொண்டையும் முகம் பார்த்துச் சொல்லுவார். ஆனால் வாய் திறக்கமாட்டார். உங்களுக்கு அதுதானே வேணும்."

அவள் குத்தலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு மருமகனைக் கூப்பிட்டேன். ஒரு பொய் ஏற்கனவே சொல்லியாயிற்று. இரண்டாவதைச் சுமக்க எனக்குத் திராணி இல்லை.

"தம்பி, ரக் ஓடிக்கொண்டோ நிக்கிறீங்கள்?"

"இல்லை மாமா. பெல்வில்லில டீசல் அடிக்கிறன். சொல்லுங்கோ."

"நான் அந்த ஓடுகளை அவிச்சுப்போட்டன்."

"எந்த ஓடு?"

"தொட்டிக்குள்ள கிடந்தது. நாளைக்கு விரதம். மச்சம் எண்டு கழுவ எடுத்தனான். உள்ளுக்க மீன் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

கைபேசியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது விநாடியில் டீசல் குழாயைத் திரும்பக் கொளுவுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை ஓடு எடுத்தனீங்கள்?"

"பதினாலு."

"பதினாறு வைச்சனான்."

"எண்ணினனான் தம்பி. பதினாலுதான் கிடந்தது."

"அப்ப ரெண்டை அதுகள் மண்ணுக்குள்ள தாட்டிருக்கும். அப்பிடிச் செய்யிறதுகள். எத்தினை செத்தது?"

"பெரிசு எட்டு. சின்னன் பதினைஞ்சு."

"சின்னனையும் எண்ணினீங்களோ."

"ஓம்."

"அப்ப பெரிசு மூண்டு இருக்கோணும். கையை வைக்காதேங்கோ. லைட்டை நிப்பாட்டிப்போட்டுத் தள்ளி இருங்கோ. வெளியில வந்தால் சொல்லுங்கோ."

எட்டும் மூன்றும் பதினொன்று. மூன்று நாளில் முதல் முறையாகக் கணக்குச் சரியாக வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பதினொண்டு எண்டு சொன்னது பொய், தம்பி. அஞ்சுதான் கண்டனான்."

"சரி மாமா," என்றார்.

லைட்டை நிறுத்தினேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, எட்டு அடி தள்ளிக் கதிரையைப் போட்டு இருந்தேன். தொட்டிக்குள் மணல் மட்டும். வாழும் இடம் முழுவதையும் நான் வழித்து எடுத்திருந்தேன். பதினொன்று ஐம்பதுக்குப் பின்பக்க மூலையில் மணல் ஒரு கடுகளவு அசைந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பசிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை, நீரிழிவு மருந்தைப் போடவும் மறந்துவிட்டேன். ஒன்று இருபதுக்கு மணலுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. அரை மணித்தியாலம் தலை மட்டும்தான். பிறகு முழு மீன் வெளியே வந்து, ஓடுகள் கிடந்த இடத்துக்குப் போய், ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் நின்று நின்று பார்த்தது. ஒன்பது பள்ளம் பார்த்தது. நான் அதற்கு மேல் எண்ணவில்லை.

இரண்டேகாலுக்குள் மூன்றும் வந்துவிட்டன. மூன்று என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

மருமகன் ஆறு நாற்பதுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றியவர் என்னைப் பார்க்காமல் நேரே தொட்டியடிக்குப் போய் முழங்காலில் இருந்தார். கையில் ஒரு பெட்டிப் புது ஓடு. அதை எங்கே வாங்கினார், எந்த நேரத்தில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. தொட்டிக்குள் நின்ற மூன்றையும் பார்த்துவிட்டு, மற்றது எங்கே என்றார். மூடிவைத்த கோப்பைத்தட்டைக் கொடுத்தேன்.

ஏசுவார் என்று நினைத்திருந்தேன். ஏசினால் அதற்கு என்ன சொல்வது என்றுகூட ஆயத்தமாக இருந்தேன். அவர் ஒரு விரலால் ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது.

"இது கிழவி. ஆறு வயசு."

பிறகு, பன்னிரண்டு வருடத்தில் கேட்டிராத அளவு, அவர் தொடர்ச்சியாகப் பேசினார். கலியாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் ரக் வேலை இல்லாமல் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றாராம். எனக்கு அது தெரியாது. மகள் சொல்லவில்லை, நான் திரும்பவும் தாளை எடுத்துவிடுவேன் என்று இருவரும் பயந்திருக்கிறார்கள். அங்கே கூட வேலை செய்த ஒருவர் தங்கனீக்கா ஏரிக் கரையில் பிறந்தவர். அவர் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது ஆறு மீனை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த ஆறின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இவை. எல்லாம் ஒரே ஓட்டுக் குவியலில், ஒன்பது வருடமாக.

"கடையில விக்கிறது வேற மாமா. அது அங்க இஞ்ச கலந்தது. இது அந்தாளின்ர ஊர்க் கரையில பிடிச்சதின்ர பரம்பரை." தட்டை மூடினார். "ஓட்டை நானும் அவிக்கிறனான். வாங்கின உடன. வெறும் ஓடா இருக்கேக்க."

குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கீழே கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்று முடிவாயிற்று. எலிவேற்றருக்கு ஆறு நிமிடம் நின்றோம். ஒன்பதாம் மாடியில், தெரிந்த அம்மா ஒருவர் ஏறினார். மூடிய தட்டையும் என் திருநீற்றையும் பார்த்தார்.

"என்ன அண்ணை, கோயிலுக்கோ? நாளைக்குத்தானே தொடக்கம்."

நான் வாயைத் திறக்க முந்தி மருமகன், "ஓம் அன்ரி, முற்கூட்டியே," என்றார்.

கார் தரிப்பிடத்தின் ஓரத்தில் ஒரு பைன் மரம் இருக்கிறது. தூறலில் குந்தியிருந்து, என் சோற்றுக் கரண்டியால் அவர் கிண்டினார். நான் குடை பிடித்தேன்.

அந்த வருடம் நான் விரதம் பிடிக்கவில்லை. இரண்டு நாள் ஒன்றும் இறங்கவில்லைதான், ஆனால் சாப்பிடாமல் இருப்பது வேறு, விரதம் வேறு. கோயில் ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தெரியாமல் செய்தது தோஷமில்லை, ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்றார். எத்தனை உயிர் என்று அவர் கேட்கவேயில்லை. அது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

தொட்டியை அசைத்தால் மிச்சமும் போய்விடும் என்பதால் அது என் வீட்டிலேயே நின்றது. மருமகன் வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து தொட்டியைப் பார்ப்போம். மூன்றில் ஒரு பெண்ணாவது இருந்தால் பரம்பரை தொடரும். அதுதான் அவர் காத்திருந்தது. சின்னதாக இருந்த இரண்டில் எது என்னவென்று வளர்ந்தால்தான் தெரியும் என்றார். பன்னிரண்டாம் நாள் ஆகச் சின்னது செத்து மிதந்தது. அடுத்த கிழமைக்குள் மற்ற இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் செட்டையைக் கிழிக்கத் தொடங்கின.

"ரெண்டும் ஆண்," என்றார் அவர். தொட்டியைப் பார்த்தபடிதான் சொன்னார். எழும்பி யாக்கெற்றைப் போட்டார்.

நான் கேட்டேன், இந்த மீனை எப்போதாவது யாருக்காவது கொடுத்தாரா என்று. கொடுத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முந்தி, கொம்பனியில் ரக்குகளை அனுப்புகிற பகுதியில் இருந்த ஒரு வெள்ளைக்கார மனுசிக்கு, ஏழு மீன். அவர் இப்போது ஓய்வு பெற்று ஒஷாவாவில் இருக்கிறார்.

"அப்ப அவவிட்டக் கேளுங்கோவன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ மாமா? நான் கேக்கமாட்டன்."

அவர் கேட்கமாட்டார். ஒன்றையும் யாரிடமும் கேட்காத ஆள். கேட்ட ஒரு தடவை என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். மகளிடம் அந்த மனுசியின் தொலைபேசி இலக்கத்தை எடுத்து நான் கேட்டேன்.

நவம்பர் 13, வியாழக்கிழமை தனியாக ஒஷாவாவுக்குப் போனேன். மூன்று பஸ் மாறி, இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடம். அந்த மனுசிக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவித்தேன் என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தொட்டியில் ஐம்பத்துமூன்று மீன்கள் தெரிந்தன, ஓட்டுக்குள் நின்றவை எத்தனையோ. சும்மா கொடுத்த ஏழில் இருந்து வந்தவைதானே, ஆறு மீனைச் சும்மா தருவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் ஒரு மீனுக்கு முப்பது டொலர் சொன்னார். நான்கு வருடம் தீன் போட்டு வளர்த்தது தான்தான் என்றார். அதில் பிழை சொல்ல முடியாது. மகள் கலியாணத்துக்கு வாங்கிய வேட்டிக்கே விலை பேசியவன் நான். அன்று ஒரு சதம் குறைத்துக் கேட்கவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பார்த்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் நான்கு பெண், இரண்டு ஆண் என்று தெரிவுசெய்து, ஓட்டோடு எடுத்து, மூடி போட்ட வாளியில் வைத்து, குளிர் ஏறாத பை ஒன்றை வழியில் வாங்கி அதற்குள் வைக்கச் சொன்னார். பஸ்ஸில் கொண்டுபோக விடவில்லை. வெளியே ஒரு பாகை. குலுங்கும், குளிரும், செத்துப்போகும் என்றார். டக்சியில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழிமுழுக்க மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. திறக்கவில்லை.

மருமகன் வந்தபோது வாளி மேசையில் இருந்தது. அவர் மூடியைத் திறந்தார். ஓடுகளைப் பார்த்தார். ஒன்றின் வாயில் ஒரு கண் தெரிந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கைகளை முழங்கை வரை கழுவி வந்து, பழைய ஆண்கள் இரண்டையும் பிரித்து வேறு வாளிக்கு மாற்றி, ஓடுகளை ஒவ்வொன்றாக மணலில் இறக்கினார். அந்த வேலை முடிய நாற்பது நிமிடம். ஒரு பெண் வெளியே வந்து, வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பத் தொடங்கியது. அவர் கதிரையில் இருந்தார்.

"எப்பிடிப் போனீங்கள்?"

"பஸ்ஸில."

"வரேக்க?"

"டக்சி."

"எவ்வளவு முடிஞ்சது?"

அதை விடுங்கள் என்றேன். அவர் விடவில்லை. என் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

"சொல்லுங்கோ மாமா. கணக்கு எழுதாமல் நீங்க எலிவேற்றரிலகூட ஏறமாட்டீங்கள். ஒரு தாளை எடுத்து எனக்கு எழுதிக் காட்டுங்கோ."

எழுதினேன். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். மீன் ஆறுக்கு 180 டொலர். போன பஸ் 6 டொலர் 10 சதம். பை 14 டொலர் 12 சதம். வந்த டக்சி 122 டொலர் 40 சதம். சரிபார்க்க இரண்டு தரம் கூட்டினேன். மொத்தம் 322 டொலர் 62 சதம். இந்த முறை கீழே இரண்டு கோட்டையும் அவர் போட்டார்.